பாவாடை நாடா கட்டிய பாய்மரம்

அசரியா எந்தப் பொருளையும் பார்த்து வாங்கமாட்டார், தட்டித்தான் வாங்குவார். அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று கிடக்கும். அது செலவுக்கு இல்லை, தட்டுவதற்கு. பிளாஸ்டிக் குடம் வாங்கப் போனால் குடத்தைத் தட்டுவார். வாடகை வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் கண்முன்னாலேயே சுவர் நெடுகத் தட்டிக்கொண்டு போவார். மகள் வினிதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் பேச்சு மும்முரமாக இருக்கும்போது சோபாவின் கையை மெல்லத் தட்டினார். மனைவி ஏஞ்சல் அவர் தொடையில் கிள்ளிய கிள்ளில் காபி சிந்திவிட்டது. நல்லவேளையாக அந்த இடமே முடிந்தது. வினிதா இப்போது மேடவாக்கத்தில் இருக்கிறாள்.

பழக்கம் தொழிலில் வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு ஃபைபர் பட்டறையில் அவர் வேலை செய்கிறார். தண்ணீர்த் தொட்டி, பஸ்ஸின் முகப்பு, பூங்காவுக்குச் சறுக்குமரம் என்று எல்லாம் செய்வார்கள். ஒரு படலத்தின் மேல் இன்னொரு படலமாக ஒட்டிக்கொண்டே வரும்போது நடுவில் காற்று தங்கிவிட்டால் அந்த இடம் பலமில்லாமல் போகும். வெளியே பார்த்தால் தெரியாது. நாணயத்தால் தட்டினால் தெரியும். ஒட்டிய இடம் ‘டண்’ என்னும், ஒட்டாத இடம் ‘டொப்’ என்னும். இந்த டண்ணையும் டொப்பையும் வைத்துத்தான் அவர் உலகத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் ஏஞ்சலுக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவர் தட்டாமல் எதையாவது வாங்கி வந்தால் உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அப்படி அவர் தட்டித் தட்டி ஆசைப்பட்டது ஒரு படகு.

முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் படகு விடும் கிளப் ஒன்றிலிருந்து ஒரு சின்னப் பாய்மரப் படகு பழுது பார்க்கப் பட்டறைக்கு வந்தது. அடிவயிற்றில் பெரிய ஓட்டை. ஆகும் செலவைக் கேட்டதும் கிளப்காரர்கள் புதிதே வாங்கிக்கொள்கிறோம் என்று போய்விட்டார்கள். முதலாளி அதைக் குப்பையில் போடச் சொன்னார். அசரியா ஒரு ‘குட்டி யானை’ வேனில் ஏற்றிப் பெருங்களத்தூரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

“ஏஞ்சலு, வெளிய வந்து பாரேன். இது இன்னான்னு தெரியுதா?”

ஏஞ்சல் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். “படகு.”

“பாய்மரப் படகு! காத்துலயே போவும். டீசல் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

“போவும் சரி. எங்க போவும்?”

அதற்குப் பதில் சொன்னது தெரு. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து பழகிய தெரு அது.

“இன்னா அசரியா, டிசம்பருக்கு இப்பவே ரெடியா?”

“மச்சான், எங்க வூட்டுக்கு அஞ்சு சீட்டு போட்டு வையி. ஜன்னல் ஓரமா.”

வினிதா போனில் சிரித்தாள். “எங்க தெருவுக்கு எடுத்துட்டு வரச் சொல்லும்மா. டேங்கர் லாரி ஒழுகுற ஒழுகல்ல இப்பவே விடலாம்.”

சிரிக்காமல் கேட்டவள் செல்லியம்மாள் ஒருத்திதான். எதிர்வீட்டுக்காரி. அந்தத் தெருவில் பாதி மனை அவர்கள் குடும்பத்துடையதாக இருந்தது, அதில் பெரும்பாலானவற்றை விற்றாயிற்று. அசரியா வீட்டை ஒட்டி ஒரு காலி மனை மட்டும் இன்னும் அவள் பேரில் இருந்தது. படகை நிறுத்த அந்த இடத்தைத்தான் அசரியா கேட்டார். இவர் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நிற்கவே இடம் போதாது.

“வுட்டுக்கோ. ஆனா மழ வந்தா மொதல்ல எங்க வூட்டாண்டதான் வரணும், சொல்லிட்டேன்.”

“வராம? உன்னிய ஏத்திகினு அப்பறம்தான்கா மத்தவங்க.”

அதில் மூன்று பேருக்கு மேல் ஏறினால் குப்புறக் கவிழும் என்பதை அவர் சொல்லவில்லை. ஏஞ்சல் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் படகைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஓட்டையை அடைக்க ஒரு கோடைக்காலம் ஆனது. வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு மனைக்குப் போனால் இருட்டினதும்தான் திரும்புவார். படகு முழுக்க ‘டண்’ என்று சொன்ன அன்றைக்குத் தெருவுக்கே லட்டு கொடுத்தார். கிளப்காரர்களும் நல்லவர்கள். சரிசெய்துவிட்டீர்களா, கொண்டு வாருங்கள், தண்ணீரில் இறக்க நாங்கள் இடம் தருகிறோம் என்று சொல்லி, அதன் பாய்மரத்தையும் கொடுத்து அனுப்பினார்கள்.

வம்பு அந்தப் பாய்மரத்தில் வந்தது.

அது ஓர் அலுமினியக் குழாய். படகின் மேல் நிறுத்தினால் செல்லியம்மாள் வீட்டு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் உயரத்துக்கு வந்தது. சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள். பாயை மேலே ஏற்ற இரண்டு கயிறுகள் குழாயை ஒட்டியே உச்சிவரை போய்த் திரும்பின. உச்சியில் ஒரு சின்ன விளக்கு. அதன் வயர் குழாய்க்கு உள்ளேயே கீழே இறங்கியது. மனையில் முக்கால்வாசி இடத்தைச் செங்கலும் ஜல்லியும் பிடித்திருந்ததால் கம்பத்தைப் படுக்க வைத்தால் தெருவை அடைக்கும். நிற்கத்தான் வேண்டும். நின்றது. அசரியா அதன் கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிறிஸ்மஸுக்கு உச்சில ஸ்டார் மாட்டிட்டா ஜிஎஸ்டி ரோட்லேந்து தெரியும் ஏஞ்சலு.”

ஆடி பிறந்தது. காற்றும் பிறந்தது.

முதல் நாள் சாயங்காலம் ஏஞ்சல் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ‘டிங்... டிங்... டிடிங்’ என்று கேட்டது. கேஸ் வண்டி வந்துவிட்டது என்று எழுந்தாள். அந்தத் தெருவுக்குச் சிலிண்டர் போடுகிற ரத்தினம் தெருமுனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு, ஸ்பானரால் சிலிண்டரின் கழுத்தில் அப்படித்தான் தட்டுவார். பதிவு செய்தவர்கள் காலி சிலிண்டரை வாசலுக்கு உருட்டி வருவார்கள். இவள் கதவைத் திறந்தபோது செல்லியம்மாள் ஏற்கெனவே சிலிண்டரை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் மாளவிகா, காதில் ஹெட்போனோடு, பால்கனியிலிருந்து குனிந்து கத்தினாள். “அண்ணா! ஒன் மினிட் வெயிட் பண்ணுங்க, ஓடிபி பாத்துட்டு வரேன்!”

தெருவில் எந்த வண்டியும் இல்லை. ஒரு மாடு மட்டும் நின்று இவர்களைப் பார்த்தது.

மறுபடியும் டிங் டிங். எல்லோரும் தலையைத் திருப்பினார்கள். பாய்மரத்தின் கயிறுகள் காற்றில் ஆடி அலுமினியத்தில் அடித்துக்கொண்டிருந்தன. ஸ்பானரும் சிலிண்டரும் அச்சாக அப்படியே.

முதல் இரண்டு நாள் சிரிப்பாக இருந்தது. அதற்கப்புறம் தெரு கெட்டிக்காரத் தெருவாகிவிட்டது. டிங் டிங் என்று கேட்டால் யாரும் அசைவதில்லை. “படகு” என்று சொல்லிவிட்டு சீரியலைப் பார்த்தார்கள்.

ரத்தினம் உண்மையிலேயே வந்த அன்றைக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

அவர் தட்டு தட்டென்று தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் செல்லியம்மாள் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். கருவாட்டுக் குழம்பு பாதி கொதியில் இருக்கும்போது அடுப்பு ஒருமுறை நீலமாகச் சிரித்துவிட்டு அணைந்தது. ரத்தினத்துக்குப் போன் போட்டால் அவர் வண்டலூர் தாண்டிப் போய்விட்டிருந்தார்.

“நான் அடிச்சி அடிச்சி கை நோவுது. ஒரு கதவு தொறக்கல. சரி, ஊரே வேளாங்கண்ணிக்குப் போய்ட்சின்னு நெனச்சிகினேன்கா.”

செல்லியம்மாள் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து ஏஞ்சல் வீட்டு அடுப்படிக்கு வந்தாள். குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். சத்தம் போடவில்லை. அதுதான் ஏஞ்சலுக்குப் பயமாக இருந்தது.

“இதோ பாரு ஏஞ்சலு. சம்பந்தி எதுர்ல மானம் போச்சு. வர ஞாயித்துக்கெழம கோயில்ல கூழ் ஊத்தறோம். அதுக்குள்ள அந்தக் கம்பம் வாய மூடணும். மூடலேன்னா படகு அன்னிக்கே கெளம்பணும். உன் வூட்டுக்காரன்கிட்ட சொல்லிடு.”

“சொல்றேன்கா.”

“உப்பு இன்னும் கொஞ்சம் குடு.”

அசரியாவிடம் சொன்னபோது அவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். வேறு இடம் கிடையாது. பட்டறையில் வைத்தால் முதலாளி அறுத்துப்போடுவார். கிளப்பில் வைக்க வாடகை. படகு போனால் போனதுதான். அவர் வாழ்க்கையில் மற்றவர்களுக்குத் தொட்டி செய்தார், மற்றவர்கள் பிள்ளைகளுக்குச் சறுக்குமரம் செய்தார். தனக்கென்று செய்துகொண்டது இது ஒன்றுதான். அவர் சோற்றைப் பிசைந்த விதத்தில் ஏஞ்சல் இதைப் புரிந்துகொண்டாள்.

மறுநாள் அவர் கயிறுகளை நன்றாக இழுத்து முறுக்கிக் கட்டினார். சத்தம் நிற்கவில்லை. மெலிந்து, கூர்மையாகி, வேகமாக வந்தது.

மாளவிகா பால்கனியிலிருந்து சொன்னாள். “அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து வரைக்கும் கேஸ் வண்டி மாதிரி இருந்துச்சு. இப்ப குல்ஃபி வண்டி மாதிரி இருக்கு.”

சொன்ன வாய் மூடுவதற்குள் பக்கத்துச் சந்திலிருந்து குழந்தைகள் ஓடி வந்து குல்ஃபிக்காரரைத் தேடின. அசரியா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

ஏஞ்சல் அன்று சாயங்காலம் மெஷினை மூடிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. பார்க்கிற பழக்கம் உண்டு. கயிறு கம்பத்தை ஒட்டி இருக்கிறவரை, எவ்வளவு இறுக்கினாலும், ஆடினால் அடிக்கத்தான் செய்யும். அதைக் கம்பத்திலிருந்து தள்ளி, பக்கத்தில் இருக்கும் கம்பியோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டால் அடிக்க என்ன இருக்கிறது?

“எதால கட்றது? கயிறு வழுக்குது” என்றார் அசரியா.

ஏஞ்சல் உள்ளே போய் ஒரு சுருள் பாவாடை நாடாவை எடுத்து வந்தாள்.

“இதுவா?”

“வழுக்காது. முடிச்சும் அவுறாது. பொம்பளைங்க எல்லாம் இத நம்பித்தான் நடமாடறோம்.”

அவர் ஏணி போட்டு ஏறிக் கட்டினார். வெள்ளை தீர்ந்துபோனதால் சிவப்பு, பச்சை, ரோஸ் எல்லாம் ஏறின. அடுத்த நாள் கோயிலுக்குப் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் டிங் டிங் நின்றுவிட்டது.

நின்றபிறகுதான் இன்னொன்று கேட்டது. ‘டொக்... டொக்... டொக்.’ யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிற மாதிரி. இத்தனை நாள் டிங் டிங்கின் மறைவில் ஒளிந்திருந்தது அது. அசரியா கம்பத்தில் காதை வைத்தார். உள்ளேதான். விளக்கு வயர் தொங்கிக்கொண்டு குழாயின் சுவரில் அடித்தது.

“அந்த வயரே வேணாம், உருவிப் போடுங்க. ராத்திரியிலயா படகு வுடப் போறீங்க?” என்றாள் ஏஞ்சல்.

“ஸ்டார்?” என்றார் அசரியா. ஒரே வார்த்தைதான். வயர் தப்பித்தது.

சனிக்கிழமை காலையில் பாய்மரத்தைப் பிடுங்கி, செல்லியம்மாள் வீட்டு மொட்டை மாடிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். வயரை வெளியே எடுத்து, மெத்தென்று எதையாவது சுற்றி, மறுபடி உள்ளே விட வேண்டும். அசரியா வயரின் கீழ் நுனியில் ஒரு நூலை முடிந்துவிட்டு, மொட்டை மாடிக்கு ஏறி மேலேயிருந்து இழுத்தார். வயர் வந்தால் பின்னாலேயே நூலும் வரும், அந்த நூலைக் கொண்டு வயரைத் திருப்பி இழுத்துக்கொள்ளலாம். வயர் வந்தது. நூல் வரவில்லை. முடிச்சு நடுவழியில் அவிழ்ந்திருந்தது.

“நாடா உள்ள போய்ட்சி” என்றாள் ஏஞ்சல்.

கைப்பிடிச் சுவரோரம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செல்லியம்மாள் கெக்கெக்கென்று சிரித்தாள். துவைத்த பாவாடையில் நாடா உள்ளே போய்விட்டால் என்ன பாடு என்று அவளுக்குத் தெரியாதா? “ஊக்கு குத்தி தள்ளுடி!”

“பாவாடன்னா சுருக்கித் தள்ளலாம்கா. இது குழாயாச்சே.”

ஏஞ்சல் கீழே போய் மெஷினிலிருந்து, அடிநூல் சுற்றுகிற பாபினை எடுத்து வந்தாள். எஃகு பாபின், உருண்டையாக, கனமாக இருக்கும். புது நூலின் நுனியில் அதைக் கட்டி, கம்பத்தின் உச்சி ஓட்டையில் போட்டாள். சரசரவென்று இறங்கிய நூல் பாதியில் நின்றது. ஆட்டினாள், தூக்கிப் போட்டாள். நகரவில்லை. உள்ளே எங்கோ குறுக்கே ஒரு போல்ட்டு இருந்தது.

அசரியா சட்டைப்பையிலிருந்து நாணயத்தை எடுத்தார். கீழே இறங்கி, கம்பத்தின் அடியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டண், டண், டண். ஒரு முழம் மேலே, டண். ஏணியில் ஏறினார். டண், டண், டொப். அங்கே நிறுத்தி, உள்ளங்கையால் கம்பத்தின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அறை விட்டார். உள்ளே ஏதோ உருண்டது. பாபின் கீழே வந்து சிமெண்டில் விழுந்து சுற்றியது.

“வந்துட்ச்சு ஏஞ்சலு!”

“வந்துட்ச்சு, வந்துட்ச்சு. கத்தாதீங்க.”

இனி வயரைச் சுற்றி வைக்க மெத்தென்று ஏதாவது வேண்டும். ஏஞ்சல் ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்து எதையோ எடுத்து, நடுவில் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றாக வயரில் கோத்தாள். வட்டவட்டமாக, ஸ்பாஞ்சு மாதிரி.

“இன்னாடி அது?” என்றாள் செல்லியம்மாள்.

ஏஞ்சல் அவள் காதருகே குனிந்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துத் தைக்கிற கப் என்று சொன்னாள்.

செல்லியம்மாள் வெங்காயத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று, அந்நேரம் மேலே வந்த மாளவிகாவிடம் சொல்லிக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய குரலுக்கு வந்தாள்.

“சிரிச்சதெல்லாம் சரி. நாளிக்கு ஒரு சத்தம் கேட்டுச்சோ, படகு கெளம்பணும். சொன்னது சொன்னதுதான்.”

ஞாயிற்றுக்கிழமை காற்று கம்பத்தைப் பரீட்சை பண்ண வந்த மாதிரி அடித்தது. புழுதி பறந்தது, பந்தலின் துணி படபடத்தது. கோயிலில் கூழ் ஊற்றி முடித்து, மிச்சத்தைச் செல்லியம்மாள் தன் வாசலிலேயே ஒரு அண்டாவில் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். தெருவே சொம்போடும் தூக்கோடும் நின்றது. மறுபடி நிமிர்ந்திருந்த பாய்மரம் ஒரு சத்தமும் போடவில்லை. அசரியா கூழைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், கம்பத்தைப் பார்ப்பதும் செல்லியம்மாளைப் பார்ப்பதுமாக நின்றார்.

‘டிங்... டிங்... டிடிங்.’

தெரு முழுக்கத் தலை திரும்பியது. செல்லியம்மாளின் கரண்டி அண்டாவுக்கு மேலே நின்றது.

“அசரியா!”

அவர் சொம்பைப் போட்டுவிட்டு ஓடினார். படகில் தாவி ஏறி, கம்பத்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். கன்னத்தையும் சேர்த்து ஒட்டிக்கொண்டார். கண்களை மூடிக்கொண்டார்.

டிங் டிங் டிங்.

“புடிச்சிக்கினேதான்கா கீறேன்! இது இல்லக்கா!”

“அது இல்லாம வேற இன்னாய்யா? நான் அன்னிக்கே சொன்னேன்...”

ஏஞ்சல் கம்பத்தின் உச்சியைப் பார்த்தாள். சிவப்பு நாடாவும் பச்சை நாடாவும் காற்றில் நடுங்கின. கயிறுகள் கம்பியோடு ஒட்டி அசையாமல் இருந்தன. இத்தனை பேர் நடுவில் அவள் வாய் திறந்ததை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை.

“அக்கா, அது நம்மளது இல்ல. ரத்தினம் அண்ணன்!”

முனை திரும்பி மூன்று சக்கர வண்டி வந்தது. நேற்று வரவேண்டிய லோடு. ரத்தினம் ஒரு கையால் ஸ்பானரை ஆட்டிக்கொண்டே தெருவைப் பார்த்தார். கூட்டமாக எல்லோரும் வாசலில், எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள்.

“இன்னாக்கா, என்னிய வரவேற்கவா இம்மாம் பேரு? ஆமா, யாருய்யா அது கம்பத்த கட்டிப்புடிச்சிகினு? கம்பத்துல கரண்டு கிரண்டு புடிச்சிட்ச்சா?”

முதலில் மாளவிகா சிரித்தாள். பிறகு எல்லோரும். செல்லியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “ஐயய்யோ, என் சிலிண்டரு!” என்று கரண்டியைக் கையில் பிடித்தபடியே உள்ளே ஓடினாள். காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து, ஓடிபி சொல்லி, புதியதை உள்ளே அனுப்பிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அசரியா இன்னும் கம்பத்தை விடவில்லை.

“எறங்குய்யா கீழ. எத்தினி நேரம் அதயே கட்டிகினு நிப்ப, பொண்டாட்டி பாக்குறா பாரு. படகு இங்கயே கெடக்கட்டும்.”

“அக்கா...”

“ஆனா அந்த நாடாவ மட்டும் ஒரே கலருல போடச் சொல்லு. கோயிலுக்குப் போற வழி.”

படகு இப்போதும் செல்லியம்மாளின் மனையில்தான் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும், குட்டி யானையில் ஏறி முட்டுக்காட்டுக்குப் போய் மாலையில் திரும்பி வருகிறது. அசரியாவுக்குக் காற்றோடு போகத் தெரிந்துவிட்டது. காற்றுக்கு எதிராகத் திரும்பி வரத்தான் இன்னும் தெரியவில்லை. கிளப்பின் மோட்டார் படகு போய் இழுத்து வருகிறது. ஏஞ்சல் கரையில் உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் ஏறவில்லை.